பூக்க மறுத்த சணல்

அந்தச் சணல் ஆராய்ச்சிப் பண்ணையில் நார்ப் பிரிவு, விதைப் பிரிவு என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. இரண்டுக்கும் ஆகவே ஆகாது. இதில் மனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, செடியின் லட்சணமே அப்படி. பூக்காமல் இருக்கும்வரை சணல் நெடுநெடுவென்று வளரும், தண்டோடு நாரும் நீளும். பூ வைத்துவிட்டால் வளர்த்தி நின்றுபோகும், கிளை பிரியும், நார் முரடாகிவிடும். அதனால் நார்ப் பிரிவுக்காரர்களுக்குப் பூவைக் கண்டால் வயிற்றெரிச்சல். விதைப் பிரிவுக்காரர்களுக்கோ பூக்காத செடி உப்புக்குப் பெறாத செடி. விதை இல்லாவிட்டால் அடுத்த வருஷம் எதை விதைப்பது என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

இந்த இரண்டு பிரிவுகளுக்கும் தலைமையாக இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அது போதாதென்று அவர்கள் நாத்தனாரும் அண்ணியுமாக வேறு இருந்தார்கள். பண்ணையில் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நார்க்காரி, இன்னொருத்தி விதைக்காரி. நார்க்காரியின் அண்ணனைக் கட்டியவள் விதைக்காரி. வீடும் ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் தங்கை. அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்பியவர், தன் வீட்டில் நடப்பதை மட்டும் பார்க்காமல் இருந்துவிடுவார். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

பகை தொடங்கியது ஒரு பிடுங்கலில். விதை வயலில் பக்கத்துச் செடியைப் போல இல்லாத எதையும் கலவன் என்பார்கள். அதைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அதன் மகரந்தம் பட்டு விதை முழுக்கக் கெட்டுவிடும். ஒரு வருஷம் நார்க்காரியின் வயலில் தண்ணீர் தேங்கிவிட்டது. புது ரகம் ஏதாவது கிடைக்குமா என்று கதிர்வீச்சு கொடுத்திருந்த விதையில் கொஞ்சத்தை விதை வயலின் ஓரத்தில் விதைத்துவிட்டு, "அண்ணிகிட்ட சொல்லிடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் சொல்ல மறந்தார். விதைக்காரி ஓரத்தில் விதவிதமாக நின்ற செடிகளைப் பார்த்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனையையும் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

"விதிப்படி செஞ்சேன்" என்றாள்.

"கண்ணு தெரியலைன்னா உங்க வீட்டுக்காரர் கடையிலயே ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கலாமே" என்றாள் நார்க்காரி. அதைப் பத்துப் பேர் நடுவில் சொன்னாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் அண்ணியை 'மேடம்' என்றுதான் அழைத்தாள். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷம் வைக்க முடியுமோ அவ்வளவும் வைத்தாள்.

இத்தனைக்கும் பிறகு அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கதிர்வீச்சுப் பட்ட விதையில் பெரும்பாலும் நொண்டியும் சொத்தையும்தான் முளைக்கும். வெளிறிய இலை, சுருண்ட தண்டு, ஒரு சாண் உயரத்தில் பூத்துத் தொலைக்கிற குள்ளம். வருஷக்கணக்கில் இந்தக் குப்பையைத்தான் அவள் கிளறிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் வயல் முழுக்க ஆள் உயரத்தில் பூத்து நின்றபோது, ஒரு வரிசை மட்டும் பூக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போனது. உச்சி இலையைப் பார்க்க அவள் ஏணி போட வேண்டியிருந்தது. ஒரு செடியை அறுத்து ஊறப்போட்டு நாரை உரித்துப் பார்த்தாள். விரலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று மாடி வராண்டாவில் தனியாக உட்கார்ந்து அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

சணல் ராத்திரியின் நீளத்தை அளக்கிற செடி. ராத்திரி நீளத் தொடங்கினால் பருவம் முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பூத்துவிடும். இந்த வரிசையில் அந்தக் கணக்குப் போடுகிற மரபணுவில் எங்கோ ஓர் எழுத்துப் புரண்டிருந்தது. எப்படிப் புரண்டது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். குளிர் வந்தால் சணல் கருகிவிடும். அதற்குள் பூத்து விதை வைக்காவிட்டால் இந்த வரிசை இந்த வருஷத்தோடு சரி. கிளையை வெட்டி நட்டுப் பிழைக்கவைக்கப் பார்த்தாள், வெட்டியதெல்லாம் அழுகிப்போனது. அவளுடைய இத்தனை வருஷ உழைப்பும் ஒரு பிடி விதையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விதை வேண்டுமென்றால் நீளமான ராத்திரி வேண்டும். அது பண்ணையில் ஓர் இடத்தில் இருந்தது. தகரக் கூரை போட்டு, உட்சுவர் முழுக்கக் கறுப்பு அடித்து, கதவு இடுக்கெல்லாம் ரப்பர் வைத்த இருட்டுக் கொட்டகை. தொட்டிச் செடிகளை மதியமே உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு மறுநாள் காலையில்தான் வெளியே எடுப்பார்கள். செடி ஏமாந்துபோய்ச் சீக்கிரம் பூக்கும். கொட்டகை விதைப் பிரிவினுடையது. சாவி விதைக்காரியின் இடுப்பில் இருந்தது.

நார்க்காரி மானத்தை மாடியிலேயே வைத்துவிட்டு விதைப் பிரிவுக்குப் போனாள்.

"மேடம், கொட்டகை வேணும்."

விதைக்காரி சல்லடையில் விதையைச் சலித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பூவே ஆகாதுன்னு சொல்றவங்க இல்ல நீங்கல்லாம்? இப்ப என்ன திடீர்னு ஆசை?"

"ஒரு தடவை பூத்தா போதும். விதை எடுத்துக்கிறேன்."

"அப்ப விதை வேணும்."

"வேணும்."

"விதைன்னு ஒண்ணு இருக்குன்னு உனக்கு இன்னிக்காவது தெரிஞ்சுதே." விதைக்காரி சல்லடையைத் தட்டினாள். "தொட்டிய அனுப்பு. என் ஆளுங்கதான் உள்ள வைப்பாங்க, என் ஆளுங்கதான் வெளிய எடுப்பாங்க. கொட்டகைப் பக்கம் நீ வரக் கூடாது. காலைல வெயில்ல வெச்ச பிறகு எத்தனை வேணும்னாலும் பார்த்துக்க."

நார்க்காரி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே, இதில் என்ன சூது என்பதுதான் அவளுடைய முதல் யோசனை.

செடிகளை இடுப்பளவுக்கு உச்சி வெட்டி, மண்ணோடு பெயர்த்துத் தொட்டிகளில் வைத்து அனுப்பினாள். முதல் நாளே சேதி வந்தது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஒரு தொட்டி விழுந்து உடைந்துவிட்டதாம். நார்க்காரி விதைப் பிரிவு வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பிடுங்கிப் பழகின கைக்கு உடைப்பதா கஷ்டம் என்றாள். விதைக்காரி பதில் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மௌனம் நார்க்காரியின் சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது. ஒன்றை உடைத்தவள் மற்றதையும் விட்டுவைப்பாளா?

அலுவலகச் சுவரில் எல்லாக் கட்டடங்களுக்கும் மாற்றுச் சாவி தொங்கும். அன்று சாயங்காலம் அவள் கொட்டகையின் முன்கதவுச் சாவியைக் கழற்றிக்கொண்டாள்.

அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. இருட்டில் இருக்கிற செடிமேல் வெளிச்சம் பட்டால் ராத்திரி இரண்டாக உடைந்துவிடும், செடி பூக்காது. இது முதல் வருஷப் பாடம். அதனால் அவள் பச்சைக் காகிதம் சுற்றிய டார்ச்சைக் கொண்டுபோனாள். செடிகளின் கண்ணுக்குப் பச்சை வெளிச்சம் தெரியாது. இருட்டறையில் வேலை செய்கிற எல்லாரும் பச்சை விளக்கைத்தான் வைத்திருப்பார்கள். தினமும் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், சூரியன் சாய்ந்து எல்லாரும் போன பிறகு, கதவைத் திறந்து சட்டென்று உள்ளே நுழைந்து சாத்திக்கொள்வாள். தொட்டி தொட்டியாக டார்ச் அடித்துப் பார்ப்பாள். வேரில் ஏதாவது ஊற்றியிருக்கிறாளா, தண்டில் நகம் பட்டிருக்கிறதா, இலையை யாராவது கிள்ளியிருக்கிறார்களா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததே அவளுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. நாளைக்குச் செய்வாள் என்று நினைத்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போவாள். கொட்டகையின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

நாள் போனது, செடி பூக்கவில்லை. மற்ற சணல் என்றால் இதற்குள் காயே வைத்திருக்கும். இவை மொட்டைக்கூடக் காட்டவில்லை. காற்றில் குளிர் ஏறத் தொடங்கியது. நார்க்காரிக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன, ஒரு மாதிரி இருக்கே?" என்று அண்ணன் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"உங்க பொண்டாட்டியக் கேளுங்க. என் செடிய என்ன பண்ணினான்னு கேளுங்க."

"அவளும் சரியா சாப்பிடறதில்ல" என்றார் அண்ணன். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் சாப்பிடறேன்." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும், கடைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினார்.

பண்ணையின் இயக்குநருக்கு 'சரிசரி' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் சரி சரி என்பார், அடுத்த ஆள் வந்து அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் சரி சரி என்பார். அவர் கூட்டிய பருவமுடிவுக் கூட்டத்தில், விதைப் பிரிவுக் கூடத்தில், இரண்டு பிரிவு ஆட்களும் நிறைந்திருந்தபோது நார்க்காரி எழுந்து நின்றாள்.

"என் செடி பூக்காததுக்கு ஒரே காரணம்தான் இருக்கு. கொட்டகையில இருட்டு இல்ல. யாரோ கதவத் திறக்கிறாங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ராத்திரியில வெளிச்சம் பட்டா சணல் பூக்காதுன்னு அவங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல."

தானும் கதவைத் திறந்தது அவள் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் பச்சை வெளிச்சம் கணக்கில் சேராது. அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் அவள் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றாள்.

"இந்த வேலையச் செஞ்சவங்க கையில இனிமே ஒரு பரிசோதனைச் செடிகூடக் கொடுக்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணு போதும்" என்றாள்.

"சரி, சரி" என்றார் இயக்குநர். "யாரா இருந்தாலும் அப்படியே செஞ்சுடலாம்." விதைக்காரியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

எல்லாரும் விதைக்காரியைப் பார்த்தார்கள். அவள் நாக்கு எப்படிப்பட்டது என்று பண்ணைக்கே தெரியும். இப்போது கூரை பிய்த்துக்கொண்டு போகும் என்று காத்திருந்தார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

ஒன்றுமில்லை என்றால் ஒப்புக்கொண்ட மாதிரிதானே. கொட்டகை இனி நார்ப் பிரிவின் பொறுப்பு என்று இயக்குநர் சொன்னார். பொறுப்பு மாற்ற நாலைந்து நாள் ஆகும், எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், அதுவரை பழையபடியே நடக்கட்டும் என்றும் சொன்னார். நார்க்காரிக்கு அந்தத் தாமதம் பிடிக்கவில்லை, ஆனாலும் அன்று ராத்திரி பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். கதவைத் திறந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். இனிமேல் அண்ணி துணியமாட்டாள் என்ற தைரியம்.

கையெழுத்தான அன்று காலை இரண்டு சாவிகள் அவள் கைக்கு வந்தன. ஒன்று முன்கதவு. இன்னொன்று பின்கதவு. கொட்டகைக்குப் பின்கதவு உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. மரப்பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டு போனாள். பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு தொட்டி வைக்கிற அளவுக்கு இடமும், தரையில் ஈரமும் இருந்தன. பின்கதவைத் திறந்தாள்.

வெளியே விதைப் பிரிவின் கொல்லைப்புறம். அங்கே வெயிலில் ஒற்றைத் தொட்டி இருந்தது. அதில் நின்ற சணலின் அடித்தண்டில் நார்க்காரி தன் கையால் கட்டிய சிவப்பு நூல் இருந்தது. உடைந்துபோனதாகச் சொன்ன செடி. கணுவுக்குக் கணு மொட்டு. ஒரு கணுவில் சின்னதாக, மஞ்சளாக, பூ.

விதைக்காரி அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"திருடி வெச்சிருந்தீங்களா?" என்றாள் நார்க்காரி.

"ஆமா." விதைக்காரி குவளையைக் கீழே வைத்தாள். "உன்கிட்டேர்ந்து."

"என்ன சொல்றீங்க?"

"இதுவும் அதே கொட்டகையிலதான் இருந்துச்சு. அதே மண்ணு, அதே தண்ணி, அதே நேரத்துக்கு உள்ள, அதே நேரத்துக்கு வெளிய. பெட்டிக்குப் பின்னால இருந்ததால உன் டார்ச் இது மேல படல. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

நார்க்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு, "பச்சை வெளிச்சம் சணலுக்குத் தெரியாது" என்றாள்.

"சாதாரணச் சணலுக்குத் தெரியாது. நீ கண்டுபிடிச்சது சாதாரணச் சணலா?"

நார்க்காரி பூவைப் பார்த்தாள். புரண்ட எழுத்து எது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தச் செடி ராத்திரியை அளக்க மறக்கவில்லை. இதற்குப் பார்வை அதிகம். மற்ற செடிகளுக்கு இருட்டாகிவிட்ட பிறகும் இதற்கு அந்தி தெரியும், விடிவதற்கு வெகுமுன்பே வெளுப்புத் தெரியும், பச்சை டார்ச் பட்டப்பகலாகத் தெரியும். வெளியே எந்த ராத்திரியும் இதற்குப் போதுமான ராத்திரியாக இருந்ததில்லை. அதனால்தான் பூக்காமல் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வாழ்நாளில் அவள் கண்ட மிகப் பெரிய விஷயம் இது. அதைக் கண்ட இடத்தில் வெட்கத்தால் அவள் உடம்பு எரிந்தது.

"நான் வர்றது உங்களுக்குத் தெரியும்."

"நீ வர்றதுக்கு முன்னாலயே தெரியும். என் கையில ஒண்ணக் கொடுத்துட்டு நீ சும்மா இருப்பியா? உன் இடத்துல நான் இருந்தாலும் வந்துதான் பார்த்திருப்பேன். அதான் முதல் நாளே ஒண்ண ஒளிச்சு வெச்சேன்."

"அப்பவே தடுத்திருக்கலாமே. மத்த செடியெல்லாம் பிழைச்சிருக்குமே."

"எதுக்குத் தடுக்கணும்?" விதைக்காரியின் கண்ணில் இரக்கம் துளியும் இல்லை. "நீ வரணும். தினமும் வந்து, உன் கையாலயே உன் செடியக் கெடுக்கணும். அதப் பார்க்கணும்னுதான் எனக்கு இருந்துச்சு. வரப்புல போட்டதுக்கு எத்தனை வருஷமா என்னைக் கரிச்சுக் கொட்டறே?"

"அப்போ மீட்டிங்ல ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே என் கதை முடிஞ்சிருக்கும்."

"மணி மூணு. செடி உள்ள இருந்துச்சு. மொட்டு ஊசிமுனை அளவுதான் விட்டிருந்தது. நான் வாயத் திறந்தா, சரிசரியில ஆரம்பிச்சு அத்தனை பேரும் டார்ச்சத் தூக்கிட்டு ஓடி வந்திருப்பீங்க. நல்லா பூக்க இன்னும் சில நாள் இருட்டு வேண்டியிருந்துச்சு." அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உனக்காகன்னு நினைச்சுக்காத. விதைக்காக. விதை வைக்கப்போற செடிய நான் கெடுக்கிறதில்ல, அது யாருதா இருந்தாலும்."

நார்க்காரி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொன்னால் நாக்கு வெந்துவிடும் போல இருந்தது.

"இப்ப நானே போய்ச் சொல்லலாம்" என்றாள் விதைக்காரி. "இந்தத் தொட்டியக் காட்டினா சரிசரிக்கும் புரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். நீ வாங்கிக் கொடுத்த தண்டனை இருக்கே, திறந்தவ கையில செடி கிடையாதுன்னு, அது அப்படியே நிக்குது. நீ சொன்னா இந்தச் செடி என் கைக்கு வந்துடும். சொல்லலைன்னா செடி உன்னுது, பேரு உன்னுது, நான் செடியக் கெடுத்தவளாவே ரிட்டயர் ஆகிடறேன். தொட்டியத் தூக்கிட்டுப் போ. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

அவள் போய்விட்டாள்.

நார்க்காரி தொட்டியைத் தூக்கினாள். கனமாக இருந்தது. தன் பிரிவுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். செடி அவள் தோளில் உரசியது. காற்றில் பூ உதிர்ந்துவிடுமோ என்று ஒரு கையால் மறைத்துக்கொண்டாள். அண்ணி சொல்லமாட்டாள், அது நிச்சயம். சாகும்வரை சொல்லமாட்டாள். கீழ்வீட்டில் அடுப்பெரியும், பாத்திரம் உருளும், இவள் சொல்லாமல் இருப்பாள். மாடிப்படியில் எதிரே வருவாள், வழிவிடுவாள், சொல்லாமல் இருப்பாள். செடி ஊர் ஊராகப் பரவும், அதன் பெயரைச் சொல்லி நாலு பேர் மாலை போடுவார்கள், கூட்டத்தில் ஒருத்தி கைதட்டிக்கொண்டே சொல்லாமல் இருப்பாள். அந்தக் கடனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாழ்வதைவிடத் தன் வாயில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அண்ணியிடம் தோற்பதைக்கூடத் தாங்கலாம். அண்ணி கொடுத்து வாங்கிக்கொள்வதை அவளால் தாங்க முடியாது.

வேறு ஒரு நியாயமும் அவளுக்குள் இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணி செடியைக் கெடுத்தவள் என்று நூறு பேர் நடுவில் சொன்னது அவள்தான். அது பொய்.

பாதி வழியில் திரும்பினாள்.

விதைப் பிரிவுக் கூடத்தில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். மூலையில் இயக்குநர் யாரிடமோ சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் விதைக்காரியின் மேஜைமேல் தொட்டியை இறக்கி வைத்தாள். பக்கத்தில் இரண்டு சாவிகளையும் வைத்தாள். தலைகள் நிமிர்ந்தன.

"கொட்டகைக் கதவத் திறந்தது நான்தான்" என்றாள். "தினமும் திறந்தேன். அண்ணி திறக்கல."

விதைக்காரி தலையைத் தூக்கவில்லை. பூவின் இதழ்களை விரல் நுனியால் நகர்த்தி உள்ளே சூல் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமாச் சொல்லு" என்றாள். "அன்னிக்கு நல்லா சத்தமாத்தானே பேசினே. கடைசி மேஜைக்குக் கேட்கல."

நார்க்காரி கடைசி மேஜையைப் பார்த்துத் திரும்பி நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள்.